வெள்ளைத் தட்டு தெரிகிற நாள்

பூஞ்செடிப் பண்ணை வைத்திருந்த நாற்றுக்காரரின் தாயார் படுத்த படுக்கையாகக் கிடந்த காலத்தில், அந்த வீட்டின் பின்வாசலிலிருந்து தினமும் காலையில் ஒரு மூட்டை சலவைக் கொட்டகையின் பின்வாசலுக்கு வந்து சேரும். உள்ளே என்ன இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எழுந்து உட்காரக்கூட முடியாமல் போன ஒரு அம்மாளின் படுக்கை விரிப்புகள். சலவையக்கா அந்த மூட்டையை வேறு யாரையும் தொட விடமாட்டாள். தானே அலசுவாள், தானே கொதிக்க வைப்பாள், தானே நீலம் போடுவாள். பிழிந்ததை வெளியே கொடியில் போடமாட்டாள். தெருவைப் பார்த்த கொடிகளில் ஏரிக்கரை விடுதியின் விரிப்புகள் மட்டும்தான் ஆடும். அந்த அம்மாளின் துணிக்கென்று கொட்டகைக்குள்ளே, இஸ்திரி மேசைக்கு மேலே தனியாக ஒரு கயிறு கட்டி வைத்திருந்தாள். அங்கே அடுப்புச் சூட்டில் அவை காயும். ஏன் அப்படி என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. தினமும் இத்தனை விரிப்பு எந்த வீட்டில் நனைகிறது என்று கணக்குப் போடத் தெருவில் ஆள் உண்டு என்பதை, அவளுடைய ஓரகத்தி தானாகத்தான் புரிந்துகொண்டாள்.

ஓரகத்தியை வீட்டில் சின்னவள் என்பார்கள். அண்ணன் தம்பி இருவரைக் கட்டிக்கொண்டு வந்தவர்கள் இவர்கள். அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகும் கொட்டகை நிற்கவில்லை. பெரியவள் துவைப்பாள், சின்னவள் இஸ்திரி போடுவாள், சின்னவளின் கணவர் வண்டியில் ஏற்றி ஏரிக்கரை விடுதிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அழுக்கை வாங்கி வருவார். இரண்டு குடும்பமும் சாப்பிட்டது அந்தக் கொட்டகையால்தான். பெரியவள் பேச்சில் இனிப்பு இருக்காது. ஆனால் மூட்டையைப் பிரிக்கும்போது அவள் முகம் சுளித்ததைச் சின்னவள் பார்த்ததே இல்லை. மாலையில் துவைத்த விரிப்பைக் கொண்டுபோய்த் தானே படுக்கையில் போட்டுவிட்டு, அந்த அம்மாளிடம் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பழங்கதை கேட்டுவிட்டுத்தான் வருவாள். அந்த அம்மாள் கண்ணை மூடுகிற வரைக்கும் இது நடந்தது. நாற்றுக்காரரும் அப்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டு, "தங்கச்சி, உன் கடனை நான் எப்படித் தீர்ப்பேன்" என்பார்.

அவர் எப்படித் தீர்த்தார் என்பதுதான் இந்தக் கதை.

ஏரி அந்த நாளில் கண்ணாடி மாதிரி இருந்தது. படகுத்துறையின் கடைசிப் பலகையில் குப்புறப் படுத்துக் குனிந்தால் அடியில் கிடக்கும் கூழாங்கல்லின் நிறம் தெரியும். நீர்ச்செடிகள் ஆடுவது தெரியும். ஒருமுறை விடுதியின் சமையல்காரர் கரண்டியைத் தவறவிட்டுவிட்டு, அது கிடக்கிற இடத்தை மேலிருந்தே விரலால் காட்டிக்கொண்டு நின்றார். அந்தத் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்துத்தான் சலவையக்கா துவைத்தாள். நுரைத் தண்ணீர் சிமெண்ட் வாய்க்கால் வழியாக நாணலுக்குள் போய் ஏரியிலேயே கலக்கும். சோப்பு என்பது அழுக்கைப் போக்குகிற சாமான், அது போய்ச் சேரும் இடம் சுத்தமாகத்தானே ஆகும் என்று அவள் மனசார நம்பினாள். சின்னவளும் நம்பினாள்.

கொட்டகைக்கு மேலே, சரிவில் நாற்றுப் பண்ணை. வரிசை வரிசையாகத் தொட்டிகள், நிழல் வலை, வாசலில் அடுக்கிய உர மூட்டைகள். தினமும் காலையில் நாற்றுக்காரர் உரத்தைத் தண்ணீரில் கரைத்துக் குழாயால் எல்லாவற்றுக்கும் அடிப்பார். செடி குடித்தது போக மிஞ்சியது ஓடிப் பின்பக்கக் குழியில் இறங்கும். "என் தண்ணி என் மண்ணைத் தாண்டாது" என்று அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

பச்சை எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. முதலில் கரையோரக் கல் வழுக்கியது. பிறகு ஒரு கோடையில் தண்ணீர் மங்கியது. அடுத்த கோடையில் பச்சைப் பெயிண்டைக் கொட்டிவிட்ட மாதிரி ஆனது. விடுதி விரிப்புகள் துவைத்த பிறகும் ஒரு பழுப்பு கலந்த பச்சைச் சாயலோடு வந்தன. விடுதி மேலாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். சலவையக்கா என்ன செய்வாள்? சோப்புத் தூளை இன்னொரு கை கூட்டிப் போட்டாள். விரிப்பு இன்னும் மங்கியது. இன்னும் ஒரு கை போட்டாள். அப்படியே போட்டுக்கொண்டே போனாள்.

அந்த வருஷம் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. விருந்தாளி ஒருவரின் நாய் கரையில் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுருண்டது. பெட்டியைக் கட்டிக்கொண்டு போன விருந்தாளிகள் திரும்பி வரவில்லை. விடுதி காலியானால் ஊரே காலி. ஆகவே ஏரிச் சங்கம் கூடியது. விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில், கருஞ்சிவப்புத் திரைகளுக்குக் கீழே எல்லோரும் உட்கார்ந்தார்கள். வெயிலில் வெளுத்துப்போகும் அந்தத் திரைகளுக்கு வருஷா வருஷம் சாயம் ஏற்றிக் கொடுப்பதும் சலவையக்காதான்.

மருந்துக்கடைக்காரர்தான் சங்கத் தலைவர். யார் காரணம் என்று அவர் கேட்டு முடிக்கவில்லை, நாற்றுக்காரர் எழுந்துவிட்டார்.

"நான் யார் பேரையும் சொல்லல. ஆனா ஏரிக்குள்ள நுரையை விடுறது யாருன்னு இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும். நம்ம வீட்டுப் பொண்ணாச்சேன்னு இத்தனை நாள் வாயை மூடிட்டு இருந்தோம். இனிமே முடியாது."

எல்லாத் தலைகளும் திரும்பின. சின்னவளுக்குக் காது இரண்டும் பற்றி எரிந்தது. பக்கத்தில் இருந்த அக்கா எழுந்து நாலு வார்த்தை கேட்பாள் என்று எதிர்பார்த்தாள். அவளோ மடியில் கையை வைத்தபடி நாற்றுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தாள், கறை எங்கே இருக்கிறது என்று துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது போல. கொட்டகையை மூட வேண்டும் என்று அன்றே தீர்மானம் ஆனது. விடுதித் துணி வெளியூர் மெஷின் சலவைக்குப் போனது.

வீட்டுக்கு வந்ததும் சலவையக்கா செய்த முதல் வேலை, இஸ்திரி மேசைக்கு மேலே இன்னும் தொங்கிக்கொண்டிருந்த அந்தக் கயிற்றை அவிழ்த்ததுதான். ஒழுங்காகச் சுருட்டி ஆணியில் மாட்டினாள். "இது வேலைக்கு ஆகும்" என்றாள்.

அடுத்த வாரம் தண்ணீரைச் சோதிக்கும் பெண் ஒருத்தி வந்து சேர்ந்தாள். படகில் போய், வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கினாள். தட்டு எத்தனை ஆழம் வரை கண்ணுக்குத் தெரிகிறதோ அத்தனை தெளிவு தண்ணீர் என்று கணக்காம். முழங்கை அளவு இறங்கும் முன்பே தட்டு பச்சைக்குள் மறைந்துவிட்டது. பிறகு அவள் கொட்டகைக்கும் வந்து, கவிழ்த்துப் போட்ட தொட்டி மேல் உட்கார்ந்து விளக்கினாள். செடிக்குப் போடுகிற உரம் பாசிக்கும் உரம்தான், பாசி ஒன்றும் வேறு சாதி இல்லை. வழிந்து வருவதைத் தின்றுவிட்டு மேலே படர்ந்து வெளிச்சத்தை மறைக்கிறது. வெளிச்சம் இல்லாமல் அடியில் செடிகள் சாகின்றன. செத்த பாசியும் செடியும் அழுகும்போது தண்ணீரில் இருக்கிற காற்றையும் தின்றுவிடுகின்றன, மீன் மூச்சு முட்டிச் சாகிறது. அந்தப் பெண் மரியாதையாகப் பேசினாள், ஆனால் ஒளிக்காமல் பேசினாள். இந்தச் சோப்புத் தூளிலும் அதே பாஸ்பரஸ் சத்து இருக்கிறது என்றாள்.

சலவையக்கா சோப்புத் தூள் அள்ளும் வெள்ளைப் பீங்கான் தட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப நான் போட்ட ஒவ்வொரு கையும் அந்தப் பாசிக்குச் சாப்பாடுதானா?"

ஆமாம் என்றாள் அந்தப் பெண். ஆனால் இத்தனை பச்சைக்குச் சலவை மட்டும் போதாது என்றும் சொன்னாள். உரம் எங்கிருந்தோ வருகிறது. பண்ணைக் குழியிலிருந்து ஏரிக்கு வழி இருப்பது கண்ணால் தெரிந்தால் ஒழிய அவளால் எழுதிக் கொடுக்க முடியாது.

அவள் போன பிறகுதான் சலவையக்கா ஓரகத்தியிடம் அந்த விஷயத்தைச் சொன்னாள். நாற்றுக்காரரின் தாயார் ஒரு மாலையில் சொன்ன பழங்கதை. அந்த அம்மாள் புதுப்பெண்ணாக வந்த காலத்தில், உதிர்ந்த ரோஜா இதழ்களை எல்லாம் பெருக்கிப் பின்பக்கக் குழியில் தள்ளுவாளாம். மத்தியானம் ஏரிக்குப் போனால் நாணல் பக்கத்தில் அதே இதழ்கள் மிதக்குமாம். பயந்துபோய் மாமனாரிடம் சொல்ல, அவர் சிரித்துவிட்டு, மண்ணுக்கு அடியில் ஏரி வரைக்கும் பழைய ஓட்டுக் குழாய் ஒன்று போகிறது என்றாராம்.

"நாற்றுக்காரருக்கு இது தெரியுமாக்கா?"

"தெரியாமயா என்னை முந்திக்கிட்டு எழுந்தார்?"

சின்னவளுக்கு மனசு ஒப்பவில்லை. சாகக் கிடந்தவர் நம்பிச் சொன்ன பேச்சை எடுத்து அவர் பிள்ளையின் மேலேயே வீசுவதா என்று கேட்டாள். கடவுள் பார்த்துக்கொள்வார் என்றாள். கடவுளுக்கு வேறு வேலை இல்லையா, கொட்டகைக் கணக்கையும் அவர் தலையில் ஏற்றுவானேன் என்று பதில் வந்தது.

எப்படியோ நாற்றுக்காரருக்குக் காற்றுவாக்கில் எட்டியிருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து அவரே வந்தார். முன்வாசல் வழியாக வரவில்லை. மூட்டை வந்த அதே பின்வாசலில், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் சொன்னது நியாயமான பேச்சு போலத்தான் சின்னவளுக்குப் பட்டது. அடுத்த கூட்டத்தில் அவரே எழுந்து, கொட்டகையைத் திறக்க விடலாம் என்று பேசுவார். நுரைத் தண்ணீர் தேங்கி வடிய அவர் நிலத்தில் ஒரு துண்டு விட்டுக்கொடுப்பார். மேலாளரும் அவர் சொன்னால் கேட்பார். பதிலுக்கு ஒன்றே ஒன்று: பழங்கதை எதுவும் வெளியே வரக் கூடாது.

"பழசை எல்லாம் கிளறினா ரெண்டு பேருக்கும்தான் நஷ்டம், தங்கச்சி. உனக்கும் பொழப்பு, எனக்கும் பொழப்பு."

சலவையக்கா அவரை உட்காரச் சொல்லவில்லை. "அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி நுரைன்னு சொன்னீங்களே, அப்ப இந்தப் பின்வாசல் ஞாபகம் வந்துச்சா அண்ணே?"

அவர் தலை குனிந்தார். "வந்துச்சு."

அந்த ஒரு வார்த்தைதான் காரியத்தைக் கெடுத்தது என்று சின்னவள் பிற்பாடு பலமுறை நினைத்ததுண்டு. இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால்கூட அக்கா கரைந்திருப்பாள். நினைவு வந்தும் சொன்னார் என்றால் அதற்கு மன்னிப்பு ஏது? சலவையக்கா கதவைச் சாத்தினாள். அன்று முழுவதும் சின்னவள் அழுதாள், கெஞ்சினாள். பிள்ளைகள் இருக்கும் வீடு, அவர் நீட்டுகிற கையைத் தட்டிவிட்டால் நாளைக்கு அடுப்பு எரிய வேண்டாமா என்றாள். அக்கா காதிலேயே வாங்கவில்லை. திரைக்குப் போடுகிற கருஞ்சிவப்புச் சாயத்தில் எவ்வளவு மீதி இருக்கிறது என்று டப்பாவை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீலம் போட்டா பச்சைக்குள்ள காணாமப் போயிடும்" என்றாள், தனக்குத்தானே சொல்வது போல. "சிவப்பு போகாது."

இரண்டாவது கூட்டம் ஏரிக்கரையிலேயே நடந்தது. தண்ணீர் சோதிக்கும் பெண் எல்லோருக்கும் தட்டை இறக்கிக் காட்டப்போகிறாள் என்பதால், காலையிலேயே ஊர் படகுத்துறையில் கூடிவிட்டது. நாற்றுக்காரர் பண்ணையைத் திறந்து போட்டுவிட்டு முதல் ஆளாக வந்து, தன் மண்ணையும் தன் குழியையும் பற்றி மேலாளரிடம் பேசிக்கொண்டிருந்தார். சலவையக்கா தாமதமாக வந்தாள். கை இரண்டும் முழங்கை வரை சிவப்பு.

கூட்டம் விலகி வழி விட்டது. நாற்றுக்காரர்தான் முதலில் வாய் திறந்தார்.

"என்ன தங்கச்சி இது, ரத்தமா?"

"சாயம் அண்ணே. ரத்தமா இருந்தா நீங்க இங்க நின்னு கேட்டுட்டு இருக்க மாட்டீங்க."

சிலர் சிரித்தார்கள். அவருக்கு உடனே புரியவில்லை. சலவையக்கா நாணல் ஓரத்தில் இருந்த கல்லில் போய் உட்கார்ந்தாள். தலைவர் என்ன விஷயம் என்று கேட்டதற்கு, அண்ணன் பண்ணைக் குழியில் ரெண்டு வாளி சாயம் ஊற்றிவிட்டு, அவர் செடிக்கு அடிக்கிற குழாயையும் திறந்துவிட்டு வந்திருக்கிறேன், அவர் தண்ணீர் அவர் மண்ணைத் தாண்டாது என்றால் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை, கொஞ்சம் காத்திருங்கள் என்றாள். நாற்றுக்காரரின் முகத்தில் இருந்த ரத்தம் அப்போதுதான் எங்கேயோ இறங்கிப் போனது.

காத்திருந்தார்கள். சிலர் சலித்துக்கொண்டார்கள். ஒரு பெண் பைத்தியம் என்று முணுமுணுத்தாள். சின்னவள் கண்ணை மூடி வேண்டிக்கொண்டாள். வரட்டும் என்று வேண்டினாளா, வரக் கூடாது என்று வேண்டினாளா என்பது அவளுக்கே விளங்கவில்லை. சலவையக்கா மட்டும், உலை கொதிக்கக் காத்திருக்கிறவள் மாதிரி, முழங்காலைக் கட்டிக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தாள்.

முதலில் நாணல் தண்டுகளின் அடி கறுத்தது. பிறகு அந்தக் கறுப்பு வெளியே நீண்டு, வெயில் பட்டதும் சிவந்தது. பச்சைப் பாசியை இரண்டாகப் பிளந்துகொண்டு ஒரு சிவப்பு நாக்கு படகுத்துறையை நோக்கி மெல்ல நக்கிக்கொண்டு வந்தது. சலித்துக்கொண்டவர்கள் பலகை ஓரத்துக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். சோதிக்கும் பெண் குனிந்து ஒரு புட்டியில் அதைப் பிடித்துக்கொண்டாள்.

நாற்றுக்காரர் கடைசியாக மிச்சமிருந்த ஒரே பேச்சை எடுத்து வீசினார். "அப்போ உன் சோப்புத் தண்ணி? அது புண்ணியத் தீர்த்தமா?"

இதற்காகவே காத்திருந்தவள் போல அவள் எழுந்தாள்.

"இல்ல. அதுவும் விஷம்தான். தெரியாம விட்டேன், தெரிஞ்சதும் தண்ணி சோதிக்கிற இந்த அம்மா முன்னாடியே ஒத்துக்கிட்டேன். கொட்டகையைத் திறந்து விடுங்கன்னு கேட்க நான் வரல. அது மூடியே கிடக்கட்டும். அது மூடிக் கிடக்கிற மாதிரி இவர் பண்ணையும் மூடணும். அதுக்குத்தான் வந்தேன்."

சின்னவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இவள் கொட்டகையைக் காப்பாற்றப் போராடவில்லை. அதையும் சேர்த்துப் போட்டுத்தான் கொளுத்தியிருக்கிறாள்.

பண்ணை மூடப்பட்டது. மண்ணைத் தோண்டிக் குழாயை உடைத்து, வடிகுளம் கட்டின பிறகுதான் திறக்கலாம் என்றார்கள். அதற்கு அவருக்கு வசதியும் இல்லை, வயசும் இல்லை. தொட்டிகளில் நாற்றுகள் நின்றபடியே காய்ந்தன. சலவையக்கா தினமும் சாயங்காலம் பிரார்த்தனைக்குப் போகிறவள். குறுக்கு வழி ஒன்று உண்டு. அதை விட்டுவிட்டு அந்தப் பண்ணை வேலியோரமாகவே, அடி மேல் அடி வைத்து, ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்துக்கொண்டே போவாள். சாமி கும்பிடப் போகிற வழியா இது என்று சின்னவள் ஒருநாள் கடிந்துகொண்டாள்.

"ரெண்டு வேலையும் ஒரே நடையில முடியுது" என்றாள் அவள்.

இரண்டு பேருக்கும் நடுவே கொஞ்ச காலம் பேச்சு நின்றது. சின்னவள் விடுதியில் துணி மடிக்கும் வேலைக்குப் போனாள். மெஷினில் துவைத்து வருகிற விரிப்புகள், வெளியூர் சோப்பின் வாசனையோடு. அவள் கணவர் அதே வண்டியில் மரக்கட்டை ஏற்றினார். அடுப்பு எரிந்தது, ஆனால் முன்மாதிரி இல்லை. இருந்தாலும் அவள் ஒரே பானையில்தான் சமைத்தாள். அக்காவின் தட்டு எந்த நாளும் காலியாக இருந்ததில்லை.

அடுத்த கோடையிலும் ஏரி பச்சையாகவே இருந்தது. ஊர் ஏமாந்துபோனது. இரண்டு கதவையும் சாத்தியாகிவிட்டதே, இன்னும் ஏன் என்று கேட்டார்கள். சோதிக்கும் பெண் வந்து தட்டை இறக்கினாள். ஒரு சாண் கூடுதலாகத் தெரிந்தது, அவ்வளவுதான். இத்தனை காலம் இறங்கிய சத்தெல்லாம் அடிச்சேற்றில் படிந்து கிடக்கிறது, வெயில் ஏறும்போதெல்லாம் சேறு அதைக் கக்கிக்கொண்டே இருக்கும், அதைத் தின்று பாசி வளரும் என்றாள். தெளியும், ஆனால் நம்முடைய அவசரத்துக்குத் தெளியாது. இங்கே வயதானவர்கள் அதைப் பார்ப்பார்களா என்பதுகூடச் சந்தேகம்தான் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். சலவையக்கா மட்டும், நல்ல சேதி ஒன்றைக் கேட்டது போலத் தலையை ஆட்டிக்கொண்டாள்.

பிறகு வெளியூரில் கட்டிக்கொடுத்திருந்த அவளுடைய மகள் பிள்ளைப்பேற்றுக்கு வரச் சொல்லி அழைத்தாள். அப்படியே தன்னோடு இருந்துவிடச் சொன்னாள். சலவையக்கா கொட்டகையைப் பூட்டிச் சாவியைச் சின்னவள் கையில் கொடுத்தாள். கிளம்புகிற நாளுக்கு முதல் நாள், விடுதித் தோட்டத்தில் பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலைக்கு வந்திருந்த நாற்றுக்காரர் சின்னவளைத் தனியே கூப்பிட்டார். வெறும் தண்ணீர்தான் ஊற்றுகிறேன், ஒரு சிட்டிகை உரம் கிடையாது என்று கேட்காமலே சொன்னார். வாளியைக் கீழே வைத்தார். இரவெல்லாம் அம்மா கனவில் வந்து, என் விரிப்பு எங்கே என்று கேட்கிறாளாம். மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை உன் அக்காவிடமிருந்து வாங்கித் தா, அது போதும், நிம்மதியாகக் கண்ணை மூடிவிடுவேன் என்றார்.

பேருந்து நிலையத்தில், பெட்டியை ஏற்றிவிட்டு, ஜன்னலுக்குக் கீழே நின்றபடி சின்னவள் அதைச் சொன்னாள். தனக்காகக் கேட்பது போலவே கேட்டாள். பண்ணை மூடிய பிறகு இத்தனை நாளில் அக்காவிடம் அவள் வேறெதுவும் கேட்டதில்லை.

சலவையக்கா மடியிலிருந்த பையைத் திறந்தாள். சோப்புத் தூள் அள்ளிப் போட வைத்திருந்த வெள்ளைப் பீங்கான் தட்டு. அதன் ஓரத்துத் துளையில் கயிறு கட்டியிருந்தது. இஸ்திரி மேசைக்கு மேலே தொங்கிய அதே கயிறு. ஜன்னல் வழியாக அதை நீட்டினாள்.

"வருஷா வருஷம் துறையில இதை இறக்கிப் பாரு. தட்டு தரையைத் தொட்ட பிறகும் மேலேருந்து கண்ணுக்குத் தெரியுதா, அன்னைக்கே ஓடிப் போய்ச் சொல்லு, அக்கா மன்னிச்சிட்டாங்கன்னு. அதுக்கு ஒரு நாள் முன்னாடிகூடச் சொல்லிடாதே."

சின்னவள் தட்டை வாங்கிக்கொண்டாள். "அதுவரைக்கும் அவர் இருக்கணுமேக்கா."

பேருந்து நகர்ந்தது. சலவையக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, கோபமே இல்லாத குரலில் சொன்னாள்:

"இருக்கணும்னா, ஏரி சீக்கிரம் தெளியணும்னு அவரையும் வேண்டிக்கச் சொல்லு."